பழுதின் காரணத்தை யார் எழுதுவது?

செஞ்சிக் கூட்டுரோட்டுக் கடையாக இருந்தாலும் சரி, சென்னை தியாகராய நகர் ஷோரூமாக இருந்தாலும் சரி, பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் படும்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ ஐம்பதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தவர் அதைப் படிப்பதில்லை. மூன்றாவது வாரம் டி.வி. திரையில் கோடு விழுந்து, அதே பில்லை எடுத்துக்கொண்டு போனால், கடைக்காரர் விரல் வைத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். சட்டத்தின் முன் அந்த வரி நிற்காது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் பணத்தைத் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. பில்லில் காலக்கெடு குறித்திருந்தால் அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள். பில் கொடுக்காமல் விடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வாங்கியவர் ஏன் வெறுங்கையோடு திரும்புகிறார்?

செஞ்சியை எடுத்துக்கொள்வோம். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் சூழ்ந்த இந்தக் கோட்டை ஊர் 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஆனால் ஊரின் பிழைப்பு கோட்டையில் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நெல் மூட்டையிலும் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் இருக்கிறது. அறுவடைப் பணம் கைக்கு வந்த கையோடு பெரிய டி.வி., ஏ.சி., மகன் கேட்ட லேப்டாப், மகள் கல்யாணத்துக்கு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கப்படுகின்றன. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு போன் போனால் இரண்டு மாதச் சிரமம். போகத்துக்குப் போகம் பணம் பார்க்கிறவருக்கு அடுத்த அறுவடைவரை வேறு வழியில்லை. கடை உள்ளூரில் இருக்கும். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரோ பெரும்பாலும் விழுப்புரத்தில், திண்டிவனத்தில், இல்லாவிட்டால் புதுச்சேரியில். இந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே, சொன்ன காரியத்துக்கு உதவாத பொருளை விற்கக்கூடாது என்றது. ஆனால் அதை நிலைநாட்ட உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். கோர்ட் கட்டணம், வக்கீல் செலவு, வருடக்கணக்கில் வாய்தா. ஒரு ரேடியோவுக்காக யார் போவார்கள்? 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. தேசிய நுகர்வோர் நாளை அந்தத் தேதியில் கொண்டாடுவது அதனால்தான். அந்தச் சட்டத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். தீபாவளித் தள்ளுபடியில் புதுச்சேரியில் டி.வி. வாங்கிய செஞ்சிக்காரர் வழக்குக்கும் புதுச்சேரிக்கே அலைய வேண்டியிருந்தது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 34-ஆவது பிரிவு அந்த முடிச்சை அவிழ்த்தது. நீங்கள் குடியிருக்கும் இடமோ வேலை பார்க்கும் இடமோ எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருள் பெங்களூரில் வாங்கியதா, ஆன்லைனில் வந்ததா என்பதெல்லாம் பொருட்டில்லை. செஞ்சிக்காரருக்கு விழுப்புரம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. 50 லட்சம்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘இ-ஜாக்ருதி’ தளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதியலாம். காணொளி வழியாக விசாரிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆக, பாதையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை.

யார் புகார் கொடுக்கலாம் என்பதில் பலருக்குக் குழப்பம். சீர்வரிசையில் வந்த ஃப்ரிட்ஜ் பழுதாகிறது; பில் மாமனார் பெயரில் இருக்கிறது. பயன்படுத்துவது மகளும் மருமகனும். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்வதால் அவர்களே புகார் கொடுக்கலாம். இன்னொருவர் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் ஸ்டூடியோக்காரர். இரண்டு லட்சம் ரூபாய் கேமரா ஆறாவது மாதம் நின்றுவிட்டது. ‘நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் இல்லை’ என்று கம்பெனி வாதாடும். இதற்குப் பதில் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றிலேயே இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் பி.எஸ்.ஜி.யிடம் வாங்கிய கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் பற்றிய அந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய அளவில் லாபத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தானே உழைத்து வயிற்றைக் கழுவுகிறவர், டைப் அடித்துப் பிழைக்கத் தட்டச்சுப் பொறி வாங்கியவர், தானே ஓட்டிப் பிழைக்க டாக்சி வாங்கியவர், நுகர்வோர்தான் என்றது தீர்ப்பு. அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார். ஆனாலும் அந்த விளக்கம் நம் ஸ்டூடியோக்காரருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் இன்றுவரை கைகொடுக்கிறது. அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம், இது தன் சொந்தப் பிழைப்புக்கு என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுவது.

யார்மேல் புகார் என்பது அடுத்தது. கடைக்காரர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி சர்வீஸ் சென்டரைக் காட்டும், சர்வீஸ் சென்டர் ‘ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரல’ என்று சொல்லும். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கார் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், விற்றவரைக் காட்டிவிட்டுத் தயாரிப்பாளர் நழுவ முடியாது என்று சொல்லிவிட்டது. எனவே மூவரையும் எதிர்த்தரப்பில் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஆன்லைன் கடைகளுக்கென 2020-இல் வந்த விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறோம்.

எழுபதாயிரம் ரூபாய் போன் ஒன்று எட்டாவது மாதம் திடீரென்று அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் பஸ் பிடித்து விழுப்புரம் போகிறார். டோக்கன் வாங்கிக் காத்திருந்து போனைக் கொடுக்கிறார். கவுண்ட்டரில் இருக்கும் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிறான். அதுதான் ஜாப் ஷீட். போனின் ஐ.எம்.இ.ஐ. எண், வாரண்டி இருக்கிறதா இல்லையா, வாடிக்கையாளர் சொல்லும் குறை, பொருளின் வெளித்தோற்றம் என்று கட்டங்கள். தோற்றத்துக்கான கட்டத்தில் ‘ஸ்கிராட்ச், டென்ட்’ என்று வழக்கமாக ஏதாவது விழுந்துவிடும். எட்டு மாதம் சட்டைப் பையில் கிடந்த போனில் கீறல் இல்லாமலா இருக்கும்? ‘ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க சார்’ என்கிறான். சொல்கிறார். அந்த ஆறு இலக்கம்தான் இன்றைக்குக் கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று திரையை அவர் பக்கம் யாரும் திருப்பிக் காட்டுவதில்லை.

இரண்டு நாள் கழித்து போன் வருகிறது: ‘லிக்விட் டேமேஜ் சார், வாரண்டியில வராது. போர்டு மாத்தணும், முப்பத்தெட்டாயிரம் ஆகும்.’

இந்த முடிவுக்கு எப்படி வருகிறார்கள்? பல போன்களின் உள்ளே, சிம் தட்டு நுழையும் பொந்து மாதிரியான இடங்களில், ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வெள்ளையாக இருக்கும், தண்ணீர் பட்டால் சிவக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, சிவந்திருந்தால் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஸ்டிக்கர் சிவந்தது என்றால் அந்த இடத்தை நீர் தொட்டிருக்கிறது என்று பொருள். போன் அணைந்ததற்கு அந்த நீர்தான் காரணமா, போர்டில் முன்பே இருந்த சால்டரிங் குறையா என்பதை ஸ்டிக்கர் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளப் போர்டைக் கழற்றி நுண்ணோக்கியில் பார்த்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையையும் செய்யப்போவது யார்? பொருளை விற்ற தரப்பின் ஆள்தான். பிரதிவாதியே நிபுணர், பிரதிவாதியே சாட்சி, பிரதிவாதியே நீதிபதி. இது செஞ்சிக்காரருக்கு மட்டும் நேர்வதில்லை, ஊர் உலகமெல்லாம் இதே கதைதான்.

இதில் இன்னொரு முரண். ‘ஐ.பி.68’ தரம், நீரில் மூழ்கினாலும் ஒன்றும் ஆகாது என்று விளம்பரம் செய்து விற்பார்கள். அதே போனின் வாரண்டித் தாளில் நீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று இருக்கும். ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் செய்த சோதனை அது, கடல் நீரும் நீச்சல் குள நீரும் கணக்கில் சேராது என்பது அவர்கள் வாதம். இந்த விளம்பரங்களுக்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆஸ்திரேலியாவில் 2022-இல் சாம்சங் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்டியது. நம் ஊரிலும் பொய் விளம்பரம் மீது நடவடிக்கை எடுக்க 2020-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. இந்த விஷயத்தை அது கையில் எடுத்தால் நல்லது.

உண்மையிலேயே நீரால் கெட்டதை வேறு கணக்கில்தான் வைக்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஃப்ரிட்ஜ் நனைந்ததற்குத் தயாரிப்பாளர் பொறுப்பாக மாட்டார். அதற்குக் காப்பீடு இருந்தால்தான் உண்டு. மின்சாரமும் அப்படித்தான். கிராமத்தில் ‘நியூட்ரல் போச்சு’ என்பார்கள். 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400 பாய்ந்து தெருவே புகைந்துவிடும். அதற்கு டி.வி. கம்பெனியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் மின் விநியோகமும் இந்தச் சட்டத்தில் ஒரு ‘சேவை’. தெருவில் பத்து வீட்டில் ஒரே நேரத்தில் பொருள்கள் எரிந்திருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து மின் வாரியத்தின் மீது புகார் கொடுக்கலாம். ஒரே குறை உள்ள பலர் கூட்டாக வழக்குத் தொடுக்க 35-ஆவது பிரிவு வழி விட்டிருக்கிறது.

நம் போன் வழக்குக்குத் திரும்புவோம். அவர் ஆணையத்துக்குப் போகிறார். குறை இருக்கிறது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரரைச் சேர்ந்தது. எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் 2021-இலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையம் பொருளை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வரவேண்டும் என்கிறது 38-ஆவது பிரிவு. ஆய்வகக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். ஆய்வகம் இருப்பதோ சென்னை போன்ற பெருநகரத்தில். புகாருக்குக் கட்டணம் இல்லை என்று முன்வாசலில் சொல்லிவிட்டுப் பின்வாசலில் ஆய்வகச் செலவை நீட்டுகிறது சட்டம். இதனால்தான் பெரும்பாலானவர்கள் நிபுணர் அறிக்கை கேட்பதே இல்லை. கேட்காததால் ‘தயாரிப்புக் குறை நிரூபிக்கப்படவில்லை’ என்ற ஒற்றை வரியில் வழக்கு தள்ளுபடியாகிறது. ஒரே குறைக்காக மூன்று நான்கு முறை சர்வீஸுக்குப் போன ஜாப் ஷீட்டுகளை அடுக்கி வைத்தவர்கள் நிபுணர் அறிக்கை இல்லாமலும் ஜெயித்ததுண்டு. ஏட்டில் ஒரு பொருள் திரும்பத் திரும்பப் பழுதானது தெரிந்தால் ஆணையத்துக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது.

மற்ற நாடுகள் இந்த இடத்தைத்தான் முதலில் சரிசெய்தன. நம்மவர்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ‘லெமன் லா’ இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை வந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். பிரிட்டனிலும் 2015 சட்டப்படி ஆறு மாதம். முதல் 30 நாளுக்குள் என்றால் பொருளை அப்படியே திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாளர் குறைந்தது இரண்டு ஆண்டு பொறுப்பு ஏற்க வேண்டும். முதல் ஓராண்டில் நிரூபிக்கும் சுமை வாங்கியவர்மேல் இல்லை. நம் 2019 சட்டம் தயாரிப்பாளர் பொறுப்பு என்று ஓர் அத்தியாயத்தையே புதிதாகச் சேர்த்தது. இந்த ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிட்டது. மறந்ததா, மறக்கவைத்தார்களா என்பதை வாசகர் தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

அந்த அத்தியாயம் பெரிதும் உதவுவது, பழுது ஆளையே தாக்கும்போதுதான். 2016-இல் சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பிடித்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் ஒரு பழைய நோட் 2 புகைந்தது. பேட்டரி வெடித்துக் காயமோ சேதமோ ஏற்பட்டால் தயாரித்தவரிடம் இழப்பீடு கேட்க அந்த அத்தியாயம் நேரடி வழி.

வாரண்டி முடிந்தபின் வரும் குறை இன்னொரு தலைவலி. அமோலெட் திரையில் பச்சைக் கோடு விழும் பிரச்சினை இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்களைப் படுத்தியது. தனித்தனியாகப் போனவர்களிடம் திரைக்குப் பணம் கேட்டார்கள். கூச்சல் பெரிதானதும் ஒன்பிளஸ் 2024-இல் அந்தக் கோட்டுக்கு ஆயுட்கால வாரண்டி அறிவித்தது. ஒரே மாடலில் ஒரே குறை பலருக்கு வந்தால் அது தயாரிப்புக் குறை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். செஞ்சியில் ஒரே கடையில் ஒரே மாடல் வாங்கிய நாலு பேர் பேசிக்கொள்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. தனிச் சட்டமாக இன்னும் வரவில்லை. வந்தால், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொபைல் கடை அண்ணனுக்கும் ஒரிஜினல் உதிரிபாகம் கிடைக்கும். அதுவரைக்கும் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் பொருளை அவரிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். அவருடைய திறமை குறைச்சல் என்பதற்காகச் சொல்லவில்லை. திறந்த திருகாணி ஒன்றே கம்பெனிக்குப் போதும்.

தவணையில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பொருள் பழுதானால் இ.எம்.ஐ.யை நிறுத்தலாம் என்று தோன்றும். கடன் கொடுத்தவருடன் செய்தது தனி ஒப்பந்தம். நிறுத்தினால் சிபில் மதிப்பெண்தான் அடிவாங்கும். கட்டிக்கொண்டே வழக்கு நடத்துங்கள், கட்டிய வட்டியையும் இழப்பீட்டில் கேளுங்கள்.

ஆணையம் எதையெல்லாம் தரும்? குறையைச் சரிசெய்ய, பொருளை மாற்றித் தர, வட்டியோடு விலையைத் திருப்ப, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் பணம் தர உத்தரவிடலாம். ஆனால் ஒரு பாகத்தை மாற்றினால் சரியாகும் என்றால் முழுப் பொருளையும் மாற்றித் தரச் சொல்வது அபூர்வம். மாருதி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டது. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது ஏட்டில் உள்ள கெடு. நடைமுறையில் வருடம் தாண்டுவதைப் பார்க்கிறோம். மேல்முறையீடு செய்யும் கம்பெனி தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தை மேலும் கடுமையாக்குவதால் இந்தப் பிரச்சினை தீராது என்பது என் கணிப்பு. தண்டனை இப்போதே போதுமானது. வேண்டியவை இரண்டு. முதல் ஆறு மாதத்தில் வரும் பழுதுக்கு நிரூபிக்கும் சுமையை விற்றவர் தோளுக்கு மாற்ற வேண்டும். இது நாடாளுமன்றத்தின் வேலை. மற்றது மாநில அரசே செய்யக்கூடியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியர்களும் ஆய்வுக்கூடமும் அங்கே உண்டு. அவற்றை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களாக அறிவித்து, குறைந்த கட்டணத்தில் மாவட்ட ஆணையத்துக்கு அறிக்கை தரச் செய்யலாம். காரணத்தை எழுதும் பேனா ஒரு தரப்பின் கையிலேயே இருக்கும்வரை, விழுப்புரம்வரை வந்துவிட்ட சட்டம் சர்வீஸ் சென்டர் கவுண்ட்டரைத் தாண்டாது.

அதுவரை நாமே செய்துகொள்ள வேண்டியவை: பொருளைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோவும் வீடியோவும் எடுத்துவிடுங்கள். திரையைத் திருப்பச் சொல்லி ஜாப் ஷீட்டைப் படித்துவிட்டு ஓ.டி.பி. சொல்லுங்கள். ‘லிக்விட் டேமேஜ்’ என்றால் எந்த இடத்தில், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று படத்தோடு எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்பி அந்த மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பாருங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.